பார்ஜ் ஓட்டுவதில் என்ன கஷ்டம்?

ஜனவரி 6

வாசகர் ஒருவர் கேட்டது: "கடலில் கப்பல் ஓட்டுவது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆற்றிலும் கால்வாயிலும் சரக்குப் பார்ஜ் ஓட்டுவதில் என்ன இருக்கிறது? அலை இல்லை, புயல் இல்லை, இரண்டு பக்கமும் கரை. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். சைக்கிள்காரனே முந்திவிடுவான். லாரி ஓடும் காலத்தில் இதற்கு இன்னும் எதற்கு ஆட்கள்?"

ஜனவரி 6, இரவு

அலை இல்லைதான். கரையும் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் கரைதான் தொல்லையே. கடலில் தப்பு நடந்தால் திருத்திக்கொள்ள இடம் இருக்கும், நேரமும் இருக்கும். ஆற்றில் இரண்டும் கிடையாது.

ரைன் நதியில் ஓடும் ஒரு பார்ஜில் மூன்று வருடம் டெக் ஆளாக வேலை பார்த்தேன். 110 மீட்டர் நீளம், 11.4 மீட்டர் அகலம். அந்த நதியில் அது சர்வ சாதாரண அளவு. ரைனின் கிளையாறான மைனில் லாக் ஒவ்வொன்றும் 12 மீட்டர் அகலம். லாக் என்றால், முன்னும் பின்னும் கதவு வைத்து, நடுவில் படகை நிறுத்தி, தண்ணீரை ஏற்றி இறக்கும் தொட்டி. கணக்குப் போடுங்கள்: பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட.

கேப்டன் அமரத்தில், அதாவது பின்பக்கம், நிற்கிறார். அணியம், அதாவது முன்பக்கம், அவரிடமிருந்து நூறு மீட்டர் தள்ளி இருக்கிறது. அதன் மூக்கு அவர் கண்ணுக்குத் தெரியாது. அங்கே நான் நின்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். "இடப்பக்கம் இரண்டு மீட்டர்... ஒன்று... அரை... நேராக." இரவில், மழையில், பனிமூட்டத்தில், இதே குரலில், இதே நிதானத்தில். என் குரல் கொஞ்சம் அவசரப்பட்டாலும் அவர் கை அவசரப்படும். முதல் மாதம் எனக்குக் கற்றுக்கொடுத்ததே இதுதான்: பார்த்ததைச் சொல், பயந்ததைச் சொல்லாதே.

லாரி பற்றி: அந்தப் பார்ஜ் நிறைய ஏற்றினால் கிட்டத்தட்ட 3,000 டன். 25 டன் லாரி என்று வைத்தால் 120 லாரி. எங்கள் ஆட்கள் நாலு பேர். மெதுவாகப் போவது உண்மை. ஆனால் 120 லாரிக்கு 120 டிரைவர்.

ஜனவரி 7

"லாக்குக்குள் நுழைந்த பிறகு சும்மா நிற்பதுதானே" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. என் மூன்று வருடத்தில் நான் மிகவும் பயந்தது லாக்குக்குள் நின்றபோதுதான்.

தண்ணீர் இறங்கும்போது படகும் இறங்கும். சுவரில் உள்ள பொல்லார்டில், அதாவது வடம் மாட்டும் இரும்பு முளையில், வடத்தைப் போட்டுப் பிடித்திருப்போம். கட்டக் கூடாது. படகு இறங்க இறங்க விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் படகு நகர்ந்து முன்கதவில் இடிக்கும், இறுக்கினால் படகு வடத்தில் தொங்கும்.

அன்று வடத்தின் ஒரு சுற்று இன்னொரு சுற்றின்மேல் ஏறி மாட்டிக்கொண்டது. நான் இழுக்கிறேன், அசையவில்லை. வடம் முதலில் ஈரத்தைப் பிழிந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் அதிலிருந்து வெளியே வந்தது. அப்புறம் முனகியது. நிஜமாகவே ஓர் ஓசை வரும், கதவு கீல் போல. பிறகு மெலிந்தது. மணிக்கட்டுப் பருமன் இருந்தது கண் முன்னாலேயே விரல் பருமனுக்கு வந்ததுபோல் தோன்றியது. மூத்த டெக் ஆள் ஓடி வந்து என்னைச் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் தள்ளினார், கோடரியால் ஒரே போடு. அறுந்த முனை நான் நின்ற இடத்தைக் கடந்து சுவரில் அறைந்தது. சுவரில் ஈரக்கோடு ஒன்று விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அதற்குப் பிறகு கோடரி எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் எந்த லாக்குக்குள்ளும் போனதில்லை.

ஜனவரி 8

முப்பது சென்டிமீட்டர் என்று நான் பெரிதாகச் சொன்னதைப் பார்த்து ஒருவர் பிரான்ஸைப் பார்க்கச் சொன்னார். சரிதான். அங்கே 1879இல் சட்டம் போட்டு லாக் அளவை ஒரே மாதிரி ஆக்கினார்கள்: 39 மீட்டர் நீளம், 5.2 மீட்டர் அகலம். அதற்கென்று செய்த பெனிஷ் படகு 38.5 மீட்டர் நீளம், 5.05 மீட்டர் அகலம். பக்கத்துக்கு ஏழரை சென்டிமீட்டர். நான்கு விரல் அகலம். படகு உள்ளே வரும்போது முன்னால் இருக்கும் தண்ணீருக்கு வெளியேற வழி இல்லை, ஊசிக்குள் பிஸ்டன் போவதுபோல். அதனால் படகைத் தண்ணீரே பின்னுக்குத் தள்ளும். வேகம் கூட்டிக் கதவில் இடித்தவர்களும் உண்டு.

ஜனவரி 9

பார்ஜுக்குப் பிரேக் உண்டா என்று கேட்டவருக்கு: இல்லை. எதிரோட்டத்தில் ஏறும் படகு எஞ்சினைக் குறைத்தால் ஆறே நிறுத்திவிடும். ஓட்டத்தோடு இறங்கும் படகு அப்படி நிற்காது. அது நிற்க வேண்டுமென்றால் பெரும்பாலும் ஆற்றுக்கு நடுவில் முழுதாகத் திரும்பி, அணியத்தை எதிரோட்டத்துக்குக் காட்டி, அப்புறம்தான் நிற்கும். 110 மீட்டர் படகு திரும்ப எவ்வளவு அகலம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் அந்த அகலம் இருக்காது.

அதனால்தான் வழிவிடும் விதியும் அப்படி அமைந்திருக்கிறது. ஏறுகிற படகுதான் இறங்குகிற படகுக்கு எந்தப் பக்கம் வழி என்று காட்ட வேண்டும். வழக்கமாக இடப்பக்கத்தோடு இடப்பக்கம் உரசாமல் கடப்பார்கள். வளைவில் தண்ணீர் ஓட்டம் வேறு மாதிரி இருந்தால், ஏறுகிறவர் வலப்பக்கம் நீலப் பலகையை நிமிர்த்தி, நடுவில் வெள்ளை விளக்கை மினுக்குவார். இறங்குகிறவரும் தன் நீலப் பலகையைக் காட்டினால், புரிந்தது, வலப்பக்கத்தோடு வலப்பக்கம் என்று பொருள். ரேடியோவில் ஒரு சொல்கூடப் பேசாமல் இரண்டு நாட்டுக்காரர்கள் மூவாயிரம் மூவாயிரம் டன்னோடு ஒருவரை ஒருவர் கடந்துபோவார்கள். எனக்கு அது கடைசி வரை அலுக்கவில்லை.

ஜனவரி 10

"எஞ்சின் இருந்தால் அது பார்ஜே இல்லை, பார்ஜ் என்றால் தள்ளப்படுவது." நியாயமான திருத்தம். நான் இருந்தது சொந்த எஞ்சின் உள்ள படகு. பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் பார்ஜ் என்றுதான் சொல்வோம்.

எஞ்சின் இல்லாத பார்ஜைப் பார்க்க மிசிசிப்பிக்குப் போக வேண்டும். அங்கே ஒரு பார்ஜ் 195 அடி நீளம், 35 அடி அகலம், சுமார் 1,500 டன். பதினைந்தை எஃகு வடத்தால் மூன்று வரிசையாக இறுக்கிக் கட்டி, பின்னாலிருந்து ஒரே இழுவைப் படகு தள்ளும். பெயர்தான் இழுவை, வேலை தள்ளுவது. 22,500 டன் ஒரே மிதக்கும் தரையாகப் போகும். செயின்ட் லூயிக்குக் கீழே லாக் கிடையாது, அங்கே முப்பது நாற்பதுகூடச் சேர்த்துக் கட்டுவார்கள். மேலே பல லாக் 600 அடிதான், பதினைந்து பார்ஜ் ஒரே தடவையில் நுழையாது. பாதியை அவிழ்த்து உள்ளே அனுப்பி, மீதியைப் பிறகு கொண்டுவந்து, மறுபடி கட்டுவார்கள். அந்த டெக் ஆட்களின் முதுகை நினைத்தால் என் வேலை லேசு.

ஜனவரி 13

இன்று ஒருவர் கேட்டதுதான் இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. "ஆற்றில் எதற்குத்தான் பயப்படுவீர்கள்?"

தண்ணீர் குறைவதற்கு.

கடல்காரனுக்கு மேலே பயம். எங்களுக்குக் கீழே. காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது கவ்ப் என்ற ஊரின் நீர்மட்ட எண். ரைனின் மலைப் பகுதியில், ஆழம் குறைந்த இடம் அது. அங்கே எவ்வளவு என்பதுதான் கீழே துறைமுகத்தில் நாங்கள் எவ்வளவு ஏற்றலாம் என்பதை முடிவு செய்யும். எங்கள் படகில் பத்து சென்டிமீட்டர் கூடுதலாக மூழ்கினால் நூறு டன்னுக்கு மேல் கூட ஏற்றலாம். பத்து சென்டிமீட்டர் தண்ணீர் குறைந்தால் அந்த நூறு டன் கரையில் கிடக்கும். எங்கோ மலையில் மழை பெய்யாததற்கு, நிலக்கரிக்குக் காத்திருக்கும் மின்நிலையம் கவலைப்படும்.

2018 அக்டோபரில் கவ்பில் தண்ணீர் 25 சென்டிமீட்டருக்குப் போனது. வரலாற்றிலேயே இல்லாத குறைவு. ஆற்றின் நடுவில் உள்ள ஃபால்ஸ் கோட்டைக்கு ஆட்கள் நடந்தே போனார்கள்.

அந்த வருடம் நான் படகில் இருந்தேன். மூன்றில் ஒரு பங்கு சரக்கோடு கவ்பைத் தாண்டினோம். கேப்டன் பாட்டை நிறுத்தினார், ரேடியோ ஒலியைக் குறைத்தார், எல்லோரையும் பேசாதே என்றார். வேகத்தைக் குறைத்தார், ஏனென்றால் ஆழமில்லாத இடத்தில் வேகமாகப் போனால் அடியில் தண்ணீர் விரைந்து ஓடி, அழுத்தம் குறைந்து, படகு இன்னும் கீழே உட்காரும். காலடியில் தரைத்தகடு வழியாக ஓர் ஓசை வந்தது. தகர டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டு மெதுவாக உருட்டினால் வருமே, அதுபோல. ஆற்றின் கல்லை, தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் எங்கள் விசிறி உறிஞ்சி எடுத்து அடித்தகட்டில் வீசுகிறது. பத்து நிமிடம் இருக்கும். ஓசை நின்றதும் கேப்டன் ஒன்றும் சொல்லவில்லை, தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

ஜனவரி 14

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. 25 சென்டிமீட்டர் தண்ணீரில் எந்தப் பார்ஜும் போகாது என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். அவசரத்தில் எழுதினேன். 25 என்பது அளவுகோலின் எண், ஆழம் இல்லை. அந்த அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் அடியில் இல்லை. கவ்பில் கோல் 78 காட்டும்போது கப்பல் வழியில் 1.90 மீட்டர் ஆழம். ஆக, எண்ணோடு 112 கூட்டிக்கொள்ள வேண்டும். 25 என்றால் சுமார் 1.37 மீட்டர். எங்களுக்கு இது வாய்ப்பாடு மாதிரி, அதனால்தான் சொல்ல மறந்தேன்.

இன்னொன்று. தண்ணீர் குறைந்தால் ரைனில் போக்குவரத்தை யாரும் தடை செய்வதில்லை. போகலாமா என்பது கேப்டன் பாடு. தண்ணீர் கூடினால்தான் தடை. கரையில் இரண்டு குறி இருக்கும். முதல் குறியைத் தொட்டால் வேகத்தைக் குறைத்து ஆற்றின் நடுப்பகுதியில்தான் போக வேண்டும், இரண்டாவதைத் தொட்டால் எல்லாம் நிற்க வேண்டும். நாங்கள் ஒருமுறை ஐந்து நாள் கட்டிக்கிடந்தோம். சரக்கு அனுப்பிய நிறுவனம் தினமும் போன் செய்து ஏன் தாமதம் என்று கேட்டது. கேப்டன் கடைசியில் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆற்றின் இரைச்சலைக் கேட்க வைத்தார்.

ஜனவரி 15

எல்பே நதியில் தண்ணீர் மிகவும் வற்றினால்தான் வெளியே தெரியும் கற்கள் உண்டு. பஞ்சக் கற்கள் என்பார்கள். தெச்சின் என்ற ஊரில் உள்ள ஒன்றில் 1616 முதல் ஆண்டுகள் வெட்டப்பட்டிருக்கின்றன. "என்னைக் கண்டால் அழு" என்று ஒரு வரியும் இருக்கிறது. பயிர் போகும், ஆலை நிற்கும், படகும் நிற்கும். பார்ஜ்காரன் எழுதியிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பான்.

ஜனவரி 20

லாக்கைக் கண்டுபிடித்தது லியனார்டோ டா வின்சி என்று ஒருவர் உறுதியாக எழுதியிருக்கிறார். இல்லை. மிலானில் அவர் பெயரோடு சொல்லப்படுவது கதவின் வடிவம்: ஒரே வாயிலின் இரண்டு பாதிக் கதவும் எதிரோட்டத்தைப் பார்த்து வி போல முட்டிக்கொண்டு, தண்ணீரின் அழுத்தமே இறுக்கி மூடும் வகை. அதுவே பெரிய விஷயம்தான். இன்றைக்கும் பெரும்பாலான லாக்கில் அதே வடிவம்.

ஆனால் இரட்டைக் கதவுத் தொட்டி அவருக்கு ஐந்நூறு வருடம் முந்தியது. 984இல் சீனப் பெருங்கால்வாயில் சியாவ் வெய்யுவே என்ற போக்குவரத்து அதிகாரி கட்டியது. அதற்கு முன்னால் படகுகளைச் சரிவில் கயிறு கட்டி இழுத்து ஏற்றி இறக்குவார்கள். அதில் படகு உடையும். உடைந்த படகில் இருந்தது வரி நெல். உடைவதற்காகவே காத்திருந்து அள்ளிக்கொண்டு போகக் கூட்டமும் இருந்தது. திருட்டை நிறுத்த வழி தேடிய அதிகாரி, ஐம்பது தப்படி இடைவெளியில் இரண்டு கதவு போட்டார். படகு உடைவதும் நின்றது, திருட்டும் நின்றது. தண்ணீரை அறிந்தவன் அல்ல, சரக்கை எண்ணுகிறவன்தான் கண்டுபிடித்தான் என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. படகில் எல்லாமே கடைசியில் எண்ணிக்கையில்தான் முடியும்.

ஜனவரி 22

எஞ்சினுக்கு முன்னால் யார் இழுத்தது என்று கேட்டவருக்கு: குதிரை, கோவேறு கழுதை, மனிதன். வோல்காவில் பூர்லாக் என்ற கூலிக்கூட்டம் மார்பில் பட்டை மாட்டி இழுத்தது. யாங்சியின் பள்ளத்தாக்குகளில் பாறையில் வெட்டிய பாதையில் ஊர்ந்து இழுத்தார்கள். சென்னையிலிருந்து வடக்கே போன பக்கிங்காம் கால்வாயிலும் காற்று இல்லாதபோது கரையில் நடந்து கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தவர்கள் மனிதர்களே.

இங்கிலாந்தில் ஒரு குதிரை 30 டன் படகை இழுத்தது. அதன் முதுகில் ஏற்றினால் தூக்குவது ஒரு டன்னில் எட்டில் ஒரு பங்கு. பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் 1761இல் திறந்ததும் மான்செஸ்டரில் நிலக்கரி விலை பாதியானது. 1825இல் ஈரீ கால்வாய் வந்தபின் பஃபலோவிலிருந்து நியூயார்க்குக்கு டன்னுக்கு 100 டாலர் இருந்த கூலி சுமார் 10 டாலரானது. மெதுவான படகு எதற்கு என்ற கேள்விக்கு அன்றைய பதில் அது.

ஒரு பழைய கால்வாய்ப் பாலத்தின் மூலையில் கையை வைத்துப் பார்த்திருக்கிறேன். கயிறு உரசி உரசி ஏற்பட்ட பள்ளங்கள். என் விரல் முழுதாக உள்ளே போனது. நனைந்த கயிற்றில் மணல் ஒட்டியிருக்கும், அது அரம்போல அறுக்கும். எத்தனை குதிரை, எத்தனை ஆள் போயிருந்தால் கல்லும் இரும்பும் அப்படித் தேயும்!

குதிரைக்குப் பாதை இல்லாத சுரங்கங்களும் உண்டு. 1811இல் திறந்த ஸ்டாண்டெட்ஜ் சுரங்கம் ஐந்து கிலோமீட்டர். படகின் மேல் மல்லாந்து படுத்து, காலைச் சுவரில் வைத்து நடந்தே படகை நகர்த்தினார்கள். இருட்டில், தலைகீழாக நடப்பதுபோல்.

ஜனவரி 25

தண்ணீர்ப் பாலம் பற்றி வந்த சண்டையில் நானும் கலந்துகொள்கிறேன். மாக்டபர்க்கில் எல்பே நதிக்கு மேலே 918 மீட்டர் நீளத்தில் ஒரு கால்வாய்ப் பாலம் இருக்கிறது, 2003இல் திறந்தது. ஆற்றுக்கு மேலே பார்ஜ் போகும். "கனமான பார்ஜ் ஏறினால் பாலத்தின்மேல் பாரம் கூடும், கணக்குப் போட்டுத்தானே விடுவார்கள்?" என்று கேட்கிறார்கள்.

கூடாது. மிதக்கிற படகு தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கும். அந்தத் தண்ணீர் பாலத்தை விட்டு கால்வாய் நீளத்துக்குப் பரவிவிடும். படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாலம் சுமப்பது ஒன்றே. நானும் முதலில் நம்பவில்லை. கேப்டன் தண்ணீர் நிரம்பிய வாளியில் மரக்கட்டையைப் போட்டு, வழிந்ததைக் காட்டினார்.

இதே உண்மைதான் எங்கள் தராசு. பார்ஜில் எடை மேடை கிடையாது. படகின் இரண்டு பக்கமும் அளவுக் குறிகள் இருக்கும். ஏற்றுவதற்கு முன் ஒருமுறை, ஏற்றிய பின் ஒருமுறை சிறு படகில் சுற்றிவந்து வாசிப்போம். எத்தனை சென்டிமீட்டர் இறங்கியதோ அதற்கு எத்தனை டன் என்று சான்றிதழில் அட்டவணை இருக்கும். காற்றடிக்கும் நாளில் தண்ணீர் குறிமேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று பார்த்து, நடுவைச் சொல்ல வேண்டும். அதில் ஒரு சென்டிமீட்டர் தப்பினால் பத்து டன்னுக்கு மேல் யாரோ ஒருவருக்கு நஷ்டம்.

ஜனவரி 26

ஏற்றும் வரிசையும் முக்கியம், நேற்று விட்டுவிட்டேன். நீளமான ஒல்லியான உடம்பு. நடுவில் மட்டும் குவித்தால் வளையும், முனைகளில் மட்டும் குவித்தால் எதிர்ப்பக்கம் வளையும். தப்பாக ஏற்றிக் கரையிலேயே இரண்டாக முறிந்த பார்ஜ்கள் உண்டு. அதனால் முன்னும் பின்னும் போய்வந்து பகுதி பகுதியாக நிரப்புவோம்.

திரவச் சரக்குக்கு வேறு ஆபத்து. 2011 ஜனவரியில், ரைன் வளையும் இடத்தில் உள்ள லோரலை பாறைக்கு அருகே 2,400 டன் கந்தக அமிலம் ஏற்றிய டாங்கர் கவிழ்ந்தது. நாலு பேரில் இரண்டு பேர் இறந்தார்கள். தொட்டிகள் முழுதாக நிரம்பாமல் இருந்ததால் அமிலம் உள்ளே பக்கவாட்டில் ஓடி, படகின் நிலைப்பைக் குலைத்தது. ஆற்றில் அப்போது வெள்ளம். அந்த வளைவைக் கடக்கும்போதெல்லாம் எங்கள் படகில் யாராவது ஒருவர் தொப்பியைத் தொடுவார்.

பிப்ரவரி 2

குடும்பம், தூக்கம் பற்றி நிறையக் கேட்டுவிட்டீர்கள். ரைனில் படகு ஒரு நாளில் 14 மணி நேரம், 18 மணி நேரம், 24 மணி நேரம் என்று மூன்று வகையில் ஓடலாம். அதற்கேற்ப ஆட்கள் கூட வேண்டும். நாங்கள் 24 மணி நேரப் படகு. இரண்டு வாரம் படகில், இரண்டு வாரம் வீட்டில். எஞ்சின் ஓடும்போது தூக்கம் வரும். எஞ்சின் நின்றால்தான் விழிப்பு வரும். வீட்டுக்குப் போன முதல் இரண்டு நாள் அந்த அமைதியில் தூங்கவே முடியாது.

சொந்தப் படகு வைத்திருக்கும் குடும்பங்கள் வேறு உலகம். பின்கூரையில் கார், ஜன்னலில் பூந்தொட்டி, டெக்கில் கம்பி வலை போட்ட கூண்டுக்குள் விளையாடும் குழந்தை. பள்ளி வயது வந்ததும் குழந்தையை விடுதிக்கு அனுப்பிவிட்டு, அந்தக் கூண்டைக் கழற்றாமல் அப்படியே வைத்திருந்த ஒரு தம்பதியைத் தெரியும். காலியாக இருக்கிறதே, எடுத்துவிடலாமே என்று நான் கேட்டேன். அந்த அம்மா பதில் சொல்லாமல் அதற்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கக் கூடாது என்று இப்போதும் நினைக்கிறேன்.

பிப்ரவரி 3

முதலில் கேள்வி கேட்டவர், தன் தம்பி ஒருவருக்கு டெக் வேலை கிடைத்திருப்பதாகவும், என்ன சொல்லி அனுப்புவது என்றும் எழுதியிருக்கிறார். வாழ்த்துகள்.

மிதவைச் சட்டையைக் குளிக்கவும் தூங்கவும் மட்டும் கழற்றச் சொல்லுங்கள். கையுறை இரண்டு ஜோடி, ஒன்று எப்போதும் ஈரமாக இருக்கும். வடத்தைக் கையில் சுற்றிப் பிடிக்கக் கூடாது. டெக்கில் கிடக்கும் சுருளுக்குள் கால் வைக்கக் கூடாது. முதல் லாக்குக்குள் போகும்முன் கோடரி எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதைப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.